மேற்குச் சுவருக்கு ஒரு புங்கை

சித்திரை மாதத்தில் இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். சுவர் இன்னும் சுடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மத்தியானத்திலிருந்து வாங்கி வைத்த வெயிலை நாம் பாய் விரிக்கும் நேரத்தில் வீட்டுக்குள் விடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுழற்றி நம் மேல் வீசுகிறது. ஏசி வைத்திருப்பவர்கள் வீட்டிலும் அது முதலில் ஓடுவது சுவரின் சூட்டை இறக்கத்தான். அறை குளிர்வது அதற்குப் பிறகு.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுவது ஒன்றுதான். அந்தச் சுவரில் வெயில் விழாமலே செய்ய முடியும். அதற்கு ஒரு புங்கை மரம் போதும். ஆனால் அது சரியான இடத்தில் நிற்க வேண்டும். நின்ற பிறகு ‘குப்பை போடுகிறது’ என்று அதை வெட்டாமலும் இருக்க வேண்டும்.

முதலில் இடம். வீடு கட்டி முடித்தவர்கள் பெரும்பாலும் கேட்டுக்குப் பக்கத்தில், எங்கே நிலம் மீந்ததோ அங்கே மரத்தை வைக்கிறார்கள். கிழக்குப் பார்த்த வீடு என்றால் மரம் கிழக்கே போய்விடுகிறது. காலை வெயிலை மறைத்துவிட்டு மாலை வெயிலுக்கு வீட்டைத் திறந்து விடுகிறது. இதில் யோசிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கம்பு நட்டுக் காட்டிய அதே கணக்குதான்.

எங்கள் ஊர் ஏறக்குறைய 11½ டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் உச்சி வேளைச் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருகிறது; அன்று நட்டு வைத்த கம்புக்கு நண்பகலில் நிழலே இராது. அதன் பிறகு சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. மறுபடி தலைக்கு மேல் வருவது ஆகஸ்ட் 23 வாக்கில். இடைப்பட்ட நான்கு மாதமும், கத்திரி வெயில் உட்பட, சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. வடக்கே தள்ளி மறைகிறது. மே மாத நடுவில் சுமார் 19 டிகிரி தள்ளி, ஜூன் 21-ல் சுமார் 24 டிகிரி தள்ளி. ஆகவே வீட்டைச் சுடுகிற மாலை வெயில் மேற்கும் வடமேற்கும் சேர்ந்த மூலையிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை தேதிகள்தான் கொஞ்சம் மாறும், திசை இதுதான்.

இதற்குத் திசைகாட்டி எல்லாம் வேண்டாம். மே மாதத்தில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு, மேற்குச் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கம்பின் நிழல் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நீளும்வரை வடக்கும் தெற்குமாக நகர்ந்து பாருங்கள். எங்கே நிற்கும்போது நிழல் ஜன்னலுக்கு நேராகப் போகிறதோ, அங்கே ஒரு செங்கல்லைப் போட்டு வையுங்கள். அதுதான் குழி வெட்ட வேண்டிய இடம். மே மாதத்தில் அந்த நேரத்தில் இருபதடி உயர மரத்தின் நிழல் ஏறக்குறைய முப்பது அடி நீளும். பதினைந்தடி தள்ளி நிற்கும் மரம் தரைத்தளச் சுவரைக் கிட்டத்தட்ட முழுவதுமாக மூடிவிடும்.

மார்கழியில் இதே கணக்கு தலைகீழாகிறது. அப்போது சூரியன் தென்மேற்கில் இறங்குகிறது. வடமேற்கு மரம் அதைத் தடுப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓதம் ஏறிய சுவர் காயவும், துணி உலரவும், மொட்டை மாடியில் வடாம் போடவும் வெயில் தாராளமாகக் கிடைக்கும். வாஸ்து பார்க்கிறவர்களும் மேற்கில் உயர்ந்த மரம் வேண்டாம் என்று சொல்வதில்லை என்பதால் வீட்டில் அந்தப் பேச்சும் எழாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நண்பகல் வெயில் கூரையில் நேராக இறங்குகிறது. மரம் மாடியைத் தாண்டி வளர்ந்து கவியும்வரை அதை மரத்தால் தடுக்க முடியாது. அதற்கு மொட்டை மாடியில் வெள்ளை பூசுவதுதான் வழி. மரத்தின் வேலை சுவரைக் காப்பது.

சரி, ஏன் புங்கை?

இது நம்முடைய மரம். இந்தியாவில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை தானாக வளர்கிறது. ஆற்றங்கரை, ஓடைக்கரை, கடலோரம், உப்பங்கழி ஓரம் இவைதான் இதன் சொந்த இடங்கள். ஒரு பருவத்தில் காலடியில் வெள்ளம் நிற்கும். அடுத்த பருவத்தில் மண் வெடித்துக் கிடக்கும். இரண்டையும் தாங்கிப் பழகிய வேர் இதற்கு. வீட்டு மனை என்பதும் அப்படிப்பட்ட நிலம்தான். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வந்து நிற்கும், கோடையில் கட்டாந்தரை. கொத்தனார் விட்டுப்போன சுண்ணாம்பும் சிமெண்டும் ஜல்லியும் மண்ணில் கிடக்கும். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். இத்தனையிலும் முகம் சுளிக்காமல் வளர்கிற பூமரங்கள் சிலவே உண்டு. அவற்றில் இது முன்வரிசை.

அதோடு இது அவரைக் குடும்பத்து மரம். வேரில் முடிச்சுகள் உண்டு; அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கின்றன. பள்ளியில் ஒரு கன்றைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டுவேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். “டீச்சர், ரத்தம் மாதிரி இருக்கு டீச்சர்!” என்று பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள். அந்த நிறத்தைத் தருகிற பொருளும் நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவுதான் என்று சொன்னால் வகுப்பே ஒரு நிமிடம் வாயடைத்துப் போகும். வீட்டு மரத்துக்கு யூரியா வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஆனால் புங்கையை நான் நேசிப்பதற்கு முதல் காரணம் அதன் வருடம். மாசி கடைசியில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். சில நாட்களுக்கு மரம் அரைகுறையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டுச் செத்துப்போயிற்று என்று நினைப்பவர்களும் உண்டு. பங்குனி பிறந்ததும் கிளை நுனிகளில் தளிர் விடும். அந்தப் பச்சையை விளக்க எனக்குத் தெரியவில்லை. வெயில் இலைக்கு உள்ளே புகுந்து வெளியே வருவதுபோல அவ்வளவு பளபளப்பு. மண்ணில் ஈரமே இல்லாத, வானத்தில் மேகமே இல்லாத மாதத்தில், மற்றதெல்லாம் வாடும்போது இது புத்திலை போடுகிறது. கத்திரி தொடங்கும் நேரத்தில் கவிகை முழுசாக மூடிவிடும். நமக்கு நிழல் எப்போது வேண்டுமோ அப்போது அடர்த்தியாக இருக்கும். வீட்டு நிழலுக்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது இதைவிடப் பெரிய தகுதி எதுவும் இல்லை என்பது என் கட்சி.

தளிரோடு தளிராகப் பூ. வெண்மையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சின்னப் பூக்கள், கொத்துக்கொத்தாக. மரத்தில் இருக்கும்போது இலைக்குள் மறைந்து கிடக்கும். உதிர்ந்தபின் தரையில்தான் முழு அழகும் தெரியும். சங்கப் புலவர்கள் இந்தப் பூவைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள். அவர்கள் இதைப் புன்கு என்றார்கள். மயிலாடுதுறை மாவட்டத்துத் திருப்புன்கூர் சிவன் கோயிலின் தல மரம் இதுவே. நந்தனார் பார்க்க நந்தி விலகியதாகச் சொல்கிறார்களே, அந்தக் கோயில்.

பூக்கிற நாட்களில் விடிந்தும் விடியாத நேரத்திலேயே மரம் இரைச்சலிடும். கொம்புத்தேனீ, மலைத்தேனீ, கட்டையைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு எல்லாம் வந்துவிடும். புங்கைப் பூவின் கீழிதழ்களுக்குள் மகரந்தத் தாள்கள் மூடிக் கிடக்கின்றன. வண்டு உட்கார்ந்து எடையால் அழுத்தும்போதுதான் அவை வெளியே வந்து அதன் வயிற்றில் உரசுகின்றன. ஒரு நாற்காலியை மரத்தடியில் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கும் நேரத்தில் இதைப் பார்த்துவிடலாம். தேனீக்களுக்கு நம்மிடம் எந்த வேலையும் கிடையாது. கூட்டைத் தொந்தரவு செய்யாதவரை அவை நம்மைச் சீண்டுவதில்லை.

இலைக்கும் விருந்தாளிகள் உண்டு. பழுப்பு நிறத்தில், பின்சிறகின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை ஓடும் வண்ணத்துப்பூச்சி ஒன்று, தளிரிலைகளில் முட்டையிடுகிறது. அதன் புழு இலையை மடித்துத் தைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். மருந்தடிக்காத மரம் என்றால் வைகாசிக்குள் நாலைந்து மடிப்புகளாவது கண்ணில் படும்.

இனி அந்தக் குப்பை விஷயம். எங்கள் தெருவில் நிழலுக்கென்று வைத்துப் பிறகு வெட்டிய புங்கைகளில் பாதிக்கு மேல் இந்தக் காரணத்துக்காகத்தான் போயின. பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை கையில் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

“என்னா டீச்சர் இது, தெனம் ரெண்டு தரம் பெருக்க வேண்டியிருக்கு. வெட்டிப்புட்டா நிம்மதியா இருக்கலாம் இல்ல?”

“எத்தினி நாளைக்கிம்மா பெருக்குறே? மாசிக் கடைசியிலேர்ந்து பங்குனி பாதி வரைக்கும். அப்பறம் பூ கொட்டறது கொஞ்ச நாளு. மிச்ச நாளெல்லாம் ஒம் புள்ளைங்க இது அடியிலதானே வெளையாடுதுங்க?”

“அது சரிதான். ஆனா கூட்டி எங்க கொண்டுபோயிக் கொட்டறது?”

அந்தக் கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. முற்றமெல்லாம் சிமெண்ட் போட்டுவிட்ட வீட்டில் உதிர்ந்த இலை குப்பைதான்; போக இடமில்லை. மண் இருக்கிற வீட்டில் அது எரு. புங்கந்தழையில், காய்ந்த எடைக்கு, தழைச்சத்து மூன்று சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. நஞ்சை நிலத்தில் நடவுக்கு முன் சேற்றில் போட்டு மிதிக்க, நம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தேடி வெட்டிய தழைகளில் இது முக்கியமானது. எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் ஒரு பெரியவர் சைக்கிளில் வந்து “டீச்சரம்மா, தழ கழிச்சிக்கட்டுங்களா?” என்று கேட்பார். வயலுக்கு ஆகிற பொருள் தெருமுனைத் தொட்டியில் போய் எரிக்கப்படுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. கூட்டியதை மரத்தைச் சுற்றியே, அடிமரத்தைத் தொடாமல், ஒரு சாண் உயரத்துக்குப் போட்டுவிடுங்கள். கோடையில் மண் ஈரம் காக்கும். அடுத்த மழையில் மக்கி மண்ணாகிவிடும். பூவும் அப்படியே. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அந்தப் பூவை அள்ளித் தொட்டிகளில் போட்டால் செடிகள் நன்றி சொல்லும்.

இன்னொரு குற்றச்சாட்டு, ‘இலையெல்லாம் சொறி பிடித்திருக்கிறது’ என்பது. உண்மைதான். இலையின் மேல் வெள்ளி போன்ற திட்டுகள் வரும். இலைத் தோலுக்கு உள்ளேயே சுரங்கம் போட்டுத் தின்கிற ஒரு சிறு புழுவின் வேலை அது. விரல்விரலாக முண்டுகள் முளைப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேனால். இரண்டும் புங்கைக்குப் புதிதல்ல; இரண்டினாலும் வளர்ந்த மரம் சாவதில்லை. பூச்சிமருந்துக் கடைக்காரர் எதையாவது கொடுப்பார். அடித்தால் தேனீதான் சாகும். பார்க்கப் பிடிக்காவிட்டால் கன்றாக இருக்கும்போது அந்த இலைகளைக் கிள்ளிப் போடுங்கள், போதும்.

நடுவதைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முடிந்தால் கன்று வாங்காதீர்கள்; விதையை இடத்திலேயே ஊன்றுங்கள். புங்கையின் ஆணிவேர் ஆழமாக இறங்கக்கூடியது. நாற்றங்காலில் பாலித்தீன் பையில் நெடுநாள் கிடக்கும் கன்றில் அந்த வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். ஆளுயரக் கன்றாக வாங்கி நடும்போது பார்க்க நன்றாக இருக்கும். சுருண்ட வேர் சுருண்டபடியே பருத்து, பத்து வருடம் கழித்து ஒரு புயலில் மரத்தை அடியோடு சாய்க்கும். இடத்தில் ஊன்றிய விதைக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் வீட்டு மரம் அப்படி வந்ததுதான். கடைக்கால் போட்டபோதே என் கணவர் மேற்கு மூலையில் மூன்று விதைகளை ஊன்றி, மேஸ்திரி ஆட்கள் மிதித்துவிடாமல் சுற்றிச் செங்கல் அடுக்கி வைத்தார். வீடு எழும்பும்போதே மரமும் எழும்பிவிட்டது.

கன்றுதான் வேண்டும் என்றால் இரண்டு, மூன்றடிக்கு மேல் வாங்க வேண்டாம். 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிய பிறகு வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக் கன்றுகள் முன்பைவிட நன்றாகக் கிடைக்கின்றன. பையை முழுவதும் கிழித்து எடுங்கள். அடியில் வேர் வளையமாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுற்றைக் கூரான கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. கட்டட இடிபாடு தட்டினால் இன்னும் அகலமாக வெட்டி அதையெல்லாம் வாரி எடுத்துவிடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் ஒரு கூடை. வடகிழக்குப் பருவமழையை நம்பும் எங்கள் பக்கத்தில் புரட்டாசிக் கடைசிதான் நல்ல காலம். இரண்டு மாத மழையிலேயே வேர் கீழே இறங்கிவிடும். கோவை, தென்காசி போல ஆனி, ஆடியிலேயே சாரல் காணும் ஊர்க்காரர்கள் முன்னாலேயே நடலாம். நீர் தேங்கும் களிமண் மனையில் தரையிலிருந்து ஓரடி மேடு போட்டு நடுவது நல்லது. வளர்ந்த மரம் தாங்குகிற தண்ணீரைக் கன்று தாங்காது.

முதல் இரண்டு கோடைகளுக்கு வாரத்தில் இரண்டு முறை இரண்டு குடம் தண்ணீர். தண்டில் ஊற்றக்கூடாது, ஒன்றரை அடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி அதில் விடுங்கள், வேர் வெளியே தேடிப் போகும். தினமும் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிற பாசம் வேரை மேலேயே நிறுத்திவிடும். மூன்றாவது கோடையிலிருந்து அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். நான்கைந்து வருடத்தில் முதல் பூ. அதே காலத்தில் தரைத்தளச் சுவருக்கு நிழல் எட்டிவிடும்.

இடையில் ஒரு வேலை இருக்கிறது, பலரும் செய்யாமல் விட்டுவிடுவது. புங்கை தானாக விட்டால் இடுப்புயரத்திலேயே கிளைத்துப் புதராகப் பரவும். அதனால் முதல் மூன்று வருடம் ஒரே ஒரு நடுத்தண்டை நேராக விட்டு, பக்கக் கிளைகளைக் கீழிருந்து மெல்ல மெல்லக் கழித்துவர வேண்டும். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் சீவிவிடாதீர்கள். தண்டு பருக்காமல் மெலிந்து வளையும். நடைபாதைப் பக்கம் ஏழு, எட்டடி வரை கழிக்கலாம். மேற்குப் பக்கக் கிளைகளை மட்டும் தாழவே விடுங்கள். ஐந்து மணிக்கு மேல் சூரியன் கீழே இறங்கி, உயர்த்தி வெட்டிய கவிகைக்கு அடியில் நுழைந்து சுவரைத் தொட்டுவிடும். கவாத்து செய்யத் தை மாதம் நல்லது; மழை முடிந்திருக்கும், தளிர் தொடங்கியிருக்காது. பங்குனியில் அரிவாளை எடுப்பது, வருடம் முழுக்கச் சேர்த்த பலத்தை மரம் தளிராக்கும் நேரத்தில் அதைப் பறிப்பதாகும்.

தூரத்தில் கவனம் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்தடி. செப்டிக் டேங்க், நிலத்தடித் தொட்டி இவற்றிலிருந்தும் அதே அளவு. மேலே மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். போனால் அந்த இடம் வேண்டாம், வருடாவருடம் மரத்தை மொட்டையடிக்க ஆள் வருவார்கள். புங்கை பக்க வேர்களிலிருந்து புதுக் கன்றுகளைக் கிளப்பும். முளைக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். மரத்தைச் சுற்றிக் குறைந்தது நான்கடிக்கு நான்கடி மண்ணாகவே இருக்கட்டும். அடிமரம் வரை பேவர் பிளாக் பதிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டுகிறது. வேருக்கும் காற்று வேண்டும். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் போட்ட கான்கிரீட்டை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. நம் வீட்டு முற்றத்தில் அதைச் செய்ய எந்த உத்தரவுக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

கடலூர் மாவட்டத்தில் மரம் பற்றிப் பேசினால் தானே புயலைப் பேசாமல் முடியாது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. தாத்தா நட்ட பலாமரத்தின் முன் உட்கார்ந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெருவோர மரங்களில் மடகாஸ்கரிலிருந்து வந்த மே பிளவரும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சியும் நிறைய விழுந்தன. ஐந்து வருடம் கழித்து 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைத் தாக்கியபோதும் விழுந்து கிடந்த மரங்களின் படங்களில் அதிகம் கண்ணில் பட்டவை இந்த வகையறாதான். எங்கள் தெருப் புங்கைகள் கிளை முறிந்தன, இலை முழுவதையும் இழந்தன, ஆனால் நின்றன. விழுந்த ஒன்றிரண்டும் குழாய் புதைக்க ஒரு பக்க வேரை வெட்டியவை. எந்த மரமானாலும் வேரை வெட்டிவிட்டு அதைக் குறை சொல்லக் கூடாது.

புங்கை மட்டும்தானா என்று கேட்பார்கள். மனை சிறிதென்றால் மகிழம். மெதுவாக வளரும், எப்போதும் பசுமை, பூவின் மணம் காய்ந்த பிறகும் போகாது. கடலோரத்தில் புன்னை, பூவரசு; பூவரசுக்கு விதைகூட வேண்டாம், போத்தை நட்டாலே தழைக்கும். வேம்பைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது. சரக்கொன்றை சித்திரையில் பொன்னாகப் பூப்பதைப் பார்த்து மயங்கி அதை நிழலுக்கு வைக்கிறார்கள். அழகுக்கு வையுங்கள், கட்டாயம் வையுங்கள். ஆனால் அது இலையை உதிர்த்துவிட்டுப் பூப்பது. கத்திரி வெயிலில் சுவருக்கு அதனால் பயனில்லை.

இந்த வருடமே தொடங்க நினைப்பவர்களுக்கு விதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் பூத்ததன் காய் முற்ற அடுத்த மாசி, பங்குனி ஆகிவிடும். தட்டையான, பழுப்பேறிய காய். உள்ளே பெரும்பாலும் ஒரே விதை. காய் தானாக வெடிக்காது. ஓரத்தில் கட்டையால் மெல்லத் தட்டினால் பிளந்துகொள்ளும். தரையில் கிடப்பதைவிட மரத்திலிருந்து பறித்தது நல்லது. பரந்து கவிந்த, நேரான அடிமரமுள்ள தாய் மரமாகப் பார்த்து எடுங்கள். விதை பச்சையாக நச்சுத்தன்மை உடையது, தின்றால் வாந்தி வரும்; சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பரப்பி வைக்காதீர்கள். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். அந்தக் காலத்தில் விளக்கெரித்தது, சொறி சிரங்குக்குத் தடவியது எல்லாம் அந்த எண்ணெயே. எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் புண்ணாக்கு நல்ல உரம். கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் செக்குக்காரர் வாங்கிக்கொள்வார்.

ஊன்றுவதற்கு எடுத்த விதையை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வைத்தால் புரட்டாசி வரை கெடாது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்தால் முளைப்பு குறைந்துவிடும். வெந்நீர், அமிலம் என்று எந்த வித்தையும் இதற்குத் தேவையில்லை. செங்கல் போட்டு அடையாளம் வைத்த இடத்தில், மழை பெய்து நனைந்த மண்ணில், ஓரங்குல ஆழத்தில் மூன்று விதை. இரண்டு, மூன்று வாரத்தில் முளை வரும். மூன்றும் ஒரு முழம் வளர்ந்த பிறகு நேராகவும் திடமாகவும் இருப்பதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வேர் அறாமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். தெருவில் மேற்குச் சுவர் சுடுகிற வீடு உங்களுடையது மட்டுமல்லவே. அந்த இரண்டையும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்.